வாரத்துக்கு எட்டு மணி நேரம்

ஈராசிரியர் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்பில் படிக்கும் குழந்தைக்கு ஒரு வாரத்தில் ஆசிரியரின் கவனம் எவ்வளவு நேரம் கிடைக்கும்? கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாட்கள், 800 மணி நேரக் கற்பித்தல் என்று வரையறுத்திருக்கிறது. நாளுக்கு 4 மணி, ஐந்து நாள் வாரத்துக்கு 20 மணி. அதே சட்டம் 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர்கள் என்கிறது. இருவருக்கும் சேர்த்து வாரத்துக்கு 40 மணி. ஐந்து வகுப்புகளுக்குப் பகிர்ந்தால் ஒரு வகுப்புக்கு 8 மணி. எல்லாப் பாடங்களும் அந்த எட்டுக்குள் அடங்க வேண்டும். நான்கு பாடம் என்று வைத்தாலும் பாடத்துக்கு 2 மணிதான். இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்து உட்காரவைத்துப் பொதுவாக நடத்தும்போது இந்தக் கணக்கு கொஞ்சம் நெகிழும் என்பது உண்மைதான். ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கும் ஒரே பாடத்தை நடத்திவிட முடியாது என்பதும் உண்மை. ஆசிரியர் ஒரு வகுப்பைத் திருத்திக்கொண்டிருக்கும்போது மற்ற வகுப்புகள் எழுதிக்கொண்டோ, பார்த்துக்கொண்டோ, காத்துக்கொண்டோதான் இருக்கும்.

இந்த எட்டு மணி நேரம் என்னவாகிறது என்பதே தொடக்கக் கல்வியின் முதல் கேள்வி என்று நினைக்கிறேன். பாடநூல், திறன் வகுப்பறை, செயலி, புதிய திட்டம் எல்லாம் அதற்குப் பிறகுதான். கற்பித்தல் முறையில் தமிழ்நாடு இருபது ஆண்டுகளாகத் துணிச்சலான முயற்சிகளைச் செய்துவருகிறது. ஆனாலும் பிரதம் அமைப்பின் அசர் ஆய்வு 2022-ல் ஊரகத் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கில், இரண்டாம் வகுப்பு நிலைப் பத்தியை வாசிக்க முடிந்த மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் 100-க்குச் சுமார் 5 பேர். கொரோனா காலத்தின் அடிக்கும் அதில் பங்கு உண்டு. 2024-ல் அது 10 சதவீதத்தைத் தாண்டியது. ஏற்றம்தான், ஆனால் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இன்னும் அந்தப் படியை எட்டவில்லை. குறையை முறையில் தேடுகிறோம், ஆசிரியரின் அக்கறையில் தேடுகிறோம், வீட்டுச் சூழலில் தேடுகிறோம். ஒரே ஆசிரியர், அதே குழந்தைகள் முன்னால், ஐந்து நாளும் தொடர்ந்து நிற்க முடிகிறதா என்று பார்ப்பதில்லை. அந்தத் தொடர்ச்சி அறுந்துபோனால் எந்த முறையும் வேலை செய்யாது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

கணக்குப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். 52-லிருந்து 37-ஐக் கழிக்கச் சொன்னால் மூன்றாம் வகுப்பில் பல பிள்ளைகள் 25 என்று எழுதுவார்கள். விடை 15. இதைக் கவனக்குறைவு என்று சொல்லிச் சிவப்பு மையில் சுழிப்பது எளிது. ஆனால் அந்த 25 எப்படி வந்தது என்று பாருங்கள். 2-லிருந்து 7 போகாது. எனவே குழந்தை 7-லிருந்து 2-ஐக் கழித்து 5 என்று போட்டது. 5-லிருந்து 3 போக 2. ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழிக்க வேண்டும் என்று அது தனக்குத் தானே ஒரு விதியை வகுத்து, அந்த விதியை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறது. அமெரிக்காவில் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் இருவரும் 1978-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது: கழித்தலில் குழந்தைகள் செய்யும் பிழைகளில் பல தற்செயலானவை அல்ல, அவை ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு தவறான வழிமுறை ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் ஆசிரியரின் வேலை சரியான விடையைச் சொல்வதோடு முடிவதில்லை. அந்தப் பிழையான விதியை முதலில் கண்டுபிடிக்க வேண்டும், பிறகு குழந்தையே அதைக் கைவிடும்படி செய்ய வேண்டும்.

அதற்கு எத்தனை நாள் ஆகும்? திங்களன்று நோட்டைத் திருத்தும்போதுதான் ஆசிரியருக்கு விதி பிடிபடுகிறது. செவ்வாயன்று விளக்குமாற்றுக் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டி, 5 கட்டும் 2 உதிரிக் குச்சிகளும் கையில் கொடுத்து, அதிலிருந்து 37 குச்சிகளைக் கேட்கிறார். உதிரியில் 2-தான் இருக்கிறது, 7 வேண்டும். குழந்தை தயங்குகிறது, பக்கத்துப் பிள்ளையின் கட்டைப் பார்க்கிறது, கடைசியில் தானே ஒரு கட்டைப் பிரிக்கிறது. அந்தப் பிரித்தல்தான் பாடம். புதனன்று அதையே சிலேட்டில் எழுதும்போது பாதிப் பேர் பழைய விதிக்கே திரும்பிவிடுவார்கள், ஏனென்றால் குச்சியும் எண்ணும் இன்னும் மனத்தில் ஒன்று சேரவில்லை. எனவே குச்சியையும் எண்ணையும் அருகருகே வைத்து மீண்டும் செய்யவைக்க வேண்டும். வியாழனன்று 40-லிருந்து 16 போல, உதிரியே இல்லாத கணக்கு. வெள்ளியன்று கழித்தலும் கூட்டலும் கலந்து வரும்போது, எந்தக் கணக்கில் கட்டைப் பிரிக்க வேண்டும், எதில் வேண்டாம் என்று குழந்தை தானே தீர்மானிக்கிறதா என்று தெரிந்துவிடும். இதில் செவ்வாய்க்கிழமையை எடுத்துவிட்டால் புதன் வெறும் மனப்பாடம். புதனை எடுத்துவிட்டால் செவ்வாய் வெறும் விளையாட்டு. நாட்களுக்கு இடையே ஓர் இரவு இருப்பதும் கற்றலின் பகுதி. கற்றதை மறக்கத் தொடங்கும் நேரத்தில் மீண்டும் நினைவுகூரவைத்தால் அது நிலைக்கும் என்பது 1885-ல் எபிங்ஹாஸ் மறதியை அளந்து எழுதிய காலத்திலிருந்து உளவியல் மீண்டும் மீண்டும் உறுதிசெய்துவரும் செய்தி. ஒரே நாளில் மூன்று மணி நேரம் கழித்தல் நடத்துவதைவிட நாளுக்கு அரை மணியாக ஆறு நாள் நடத்துவது பலன் தரும்.

தமிழ் எழுத்திலும் இதுதான் நிலை, சொல்லப்போனால் இன்னும் கூடுதலாக. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகளை ஏழு வயதுக்குள் கண்ணும் கையும் பழக வேண்டும். மெய்யோடு ஒரு குறியைச் சேர்த்தால் போதும் என்று பெரியவர்களுக்குத் தோன்றும். குழந்தையின் இடத்திலிருந்து பாருங்கள். 'கா' என்பதில் குறி பின்னால் வருகிறது. 'கெ' என்பதில் முன்னால் வருகிறது, ஆனால் ஒலி பின்னால்தான். 'கொ' என்பதில் இரண்டு பக்கமும் குறி, ஒலியோ ஒன்றே ஒன்று. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக வாசித்துப் பழகிய குழந்தை 'கொடி'யைப் பார்த்ததும் முதலில் கொம்பில் தடுக்கி நிற்கும். பிறகு 'கெ' என்று தொடங்கும். துணைக்காலைக் கண்டதும் குழம்பும். எழுதும்போதோ துணைக்காலை விட்டுவிட்டு 'கெடி' என்று எழுதும். உகர வரிசையில் கு, சு, து, மு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவற்றை ஒழுங்குக்குக் கொண்டுவந்து குழந்தைகளின் சுமையைக் கொஞ்சம் இறக்கியது. உகர, ஊகார வரிசைகள் அப்படியே நிற்கின்றன. 'கொ' வரும் ஒகர வரிசையைத் திங்களன்று கரும்பலகையில் எழுதிப்போட்டு எல்லோரையும் ஒரே குரலில் சொல்லவைத்துவிட்டால் 'நடத்தியாயிற்று' என்று பதிவேட்டில் எழுதிவிடலாம். கொடிக்கும் கோடிக்கும் உள்ள வேறுபாட்டைக் காதால் பிரித்து, கண்ணால் பிரித்து, கையால் பிரித்து எழுத அந்த வாரம் முழுவதும் வேண்டும். கொக்கு, தொட்டி, பொட்டு, மொட்டு என்று சொற்கள் திரும்பத் திரும்ப வர வேண்டும். புதனன்று சொல்வதை எழுதவைத்தால் யார் துணைக்காலை விடுகிறார், யார் கொம்பைத் திருப்பிப் போடுகிறார் என்று தெரியும். வியாழனன்று அப்படித் தடுமாறும் நால்வரோடு மட்டும் பத்து நிமிடம் உட்கார வேண்டும். அந்தப் பத்து நிமிடம்தான் ஒரு குழந்தை வாசிக்கத் தொடங்குவதற்கும் மூன்று ஆண்டுகள் பின்தங்குவதற்கும் இடையில் நிற்பது.

தமிழ்நாட்டின் கல்வித் துறை இதை அறியாததல்ல. ஆந்திரத்தின் ரிஷிவேலியில் ஊர்ப்புறப் பிள்ளைகளுக்காக உருவான அட்டை முறையிலிருந்து ஊக்கம் பெற்று, 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் அதன் பின்னால் நின்றார். சில ஆண்டுகளில் அது மாநிலம் முழுவதும் பரவியது. ஏணிப்படிபோல் அடுக்கிய அட்டைகள், தரையில் வட்டமாக உட்காரும் பிள்ளைகள், குழந்தைகள் எழுதுவதற்காகச் சுவரின் கீழ்ப்பகுதியில் கரும்பலகை. ஒரு குழந்தை நேற்று எந்தப் படியில் விட்டதோ இன்று அங்கிருந்தே தொடங்கலாம் என்பது அதன் உயிர்நாடி. பல வகுப்புகளை ஒரே ஆசிரியர் பார்க்கும் பள்ளிக்கு இதைவிடப் பொருத்தமான எண்ணம் கிடையாது. பின்னர் அட்டைகளே பாடமாகி, அட்டையை முடிப்பதே குறியாகிவிட்டது என்ற விமர்சனம் எழுந்தது. அதில் நியாயம் இருந்தது. 2012-13-ல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தன. 2022 ஜூன் 13-ல் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியது. குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிப்பது அதன் அடிப்படை. பெயர்கள் மாறினாலும் உள்ளே இருக்கும் எண்ணம் ஒன்றே: குழந்தை நிற்கும் இடத்திலிருந்து தொடங்கு. அது சரியான எண்ணம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அந்த எண்ணம் எந்த நிலைமையில் பலன் தருகிறது என்பதற்கு நல்ல சான்று வட இந்தியாவிலிருந்து கிடைக்கிறது. நிலைக்கேற்பக் கற்பிக்கும் பிரதமின் முறையை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் பல மாநிலங்களில் சோதித்தார்கள். அரசு ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பொருள்களையும் கொடுத்து, மற்றதை அவர்களிடமே விட்ட இடங்களில் பெரிய பலன் இல்லை. ஆசிரியர்கள் வழக்கமான பாட ஓட்டத்துக்கே திரும்பிவிட்டார்கள். ஆனால் பீகாரில் அதே அரசு ஆசிரியர்கள், கோடை விடுமுறையில் பாடத்திட்டத்தின் நெருக்கடி இல்லாமல் ஒரு மாதம் நடத்தியபோது பிள்ளைகள் முன்னேறினார்கள். ஹரியானாவில் 2012-13-ல், பள்ளி நேரத்திலேயே நாளுக்கு 1 மணி நேரத்தை இதற்கென்று ஒதுக்கி, வகுப்பைப் பாராமல் நிலையைப் பார்த்துக் குழந்தைகளைப் பிரித்து உட்காரவைத்தபோது மொழித்திறன் உயர்ந்தது. ஆசிரியரும் முறையும் கிட்டத்தட்ட ஒன்றே. மாறியது நேரம்: யாரும் கைவைக்க முடியாதபடி அன்றாடம் காக்கப்பட்ட ஒரு மணி. அதே ஹரியானாவில், அதே காலத்தில், தொடர் மதிப்பீட்டு முறையையும் தனியாகச் சோதித்தார்கள். ஆசிரியர்கள் பயிற்சி பெற்றார்கள், படிவங்களை நிரப்பினார்கள். பிள்ளைகளின் கற்றலில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் ஏற்படவில்லை. அளப்பதால் மட்டும் குழந்தை வளர்ந்துவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

தமிழ்நாட்டிலேயே இன்னொரு சான்று இருக்கிறது. கொரோனாவுக்குப் பின் ஊரகத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 குழந்தைகளிடம் அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் நடத்திய ஆய்வு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது என்று கண்டது. அந்த மீட்சியில் சுமார் கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது. 2021 அக்டோபரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் பாடம் நடத்தியவர்கள் பெரும்பாலும் அதே ஊர்ப் பெண்கள். ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய். அவர்களுக்கு ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் கட்டாயமில்லை, பெரிய கருவிகளும் இல்லை. மாலையில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம், தெரிந்த பிள்ளைகள், தெருவிலோ திண்ணையிலோ குறுக்கீடில்லாத உட்கார்வு. அவர்களால் இவ்வளவு முடிந்தது என்றால், முறையாகப் பயின்ற ஓர் இடைநிலை ஆசிரியருக்கு அதே குறுக்கீடில்லாத நேரத்தைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று யோசிக்க வேண்டும்.

அந்த நேரம் எங்கே போகிறது? தொடக்கப் பள்ளியில் எழுத்தர் கிடையாது. தலைமையாசிரியரே இரண்டு மூன்று வகுப்புகளை எடுப்பவர். எமிஸ் எனும் கல்வித் தகவல் தளத்தில் வருகை, நலத்திட்டப் பொருள்கள், சத்துணவு எண்ணிக்கை, ஆதார் விவரம், வங்கிக் கணக்கு விவரம் என்று ஒவ்வொன்றும் ஏற வேண்டும். வட்டாரக் கல்வி அலுவலகத்தின் வாட்ஸ்அப் குழுவில் 'இன்று மாலைக்குள்' என்று ஒரு விவரம் கேட்பார்கள். வளரறி மதிப்பீட்டைக் குழந்தை வாரியாகச் செயலியில் பதிய வேண்டும். சிக்னல் கிடைக்காத ஊரில் அதற்காக ஆசிரியர் மைதானத்து ஓரத்துக்கு வந்து நிற்க வேண்டும். பயிற்சிக்கு வட்டார வள மையத்துக்குப் போக வேண்டும். வாக்குச்சாவடி நிலை அலுவலராக இருந்தால் வீடு வீடாகப் போக வேண்டும். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தமிழ்நாட்டில் தொடங்கியபோது அந்தப் பணியில் ஆசிரியர்களும் இருந்தார்கள். இதில் எதுவும் தேவையற்றது என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயம் இருக்கிறது. கேட்பவருக்கு அது பத்து நிமிட வேலைதான். சேர்த்துப் பார்ப்பவர்தான் யாரும் இல்லை. முன்னே சொன்ன கணக்குக்கு வருவோம். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் நாளுக்கு ஒரு மணி நேரம் கைபேசியில் விவரம் ஏற்றினால், வாரத்தில் 40 மணியில் 5 மணி போய்விட்டது; பள்ளியின் மொத்தக் கற்பித்தலில் எட்டில் ஒரு பங்கு. ஒருவர் ஒரு நாள் பயிற்சிக்குப் போனால், அன்று மற்றவர் ஒருவரே ஐந்து வகுப்புகளையும் பார்க்க வேண்டும். வகுப்புக்கு 96 நிமிடம் கிடைக்க வேண்டிய நாளில் 48 நிமிடம். 40 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கும் 400 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கும் அறிக்கைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றே. ஆகவே சிறிய பள்ளி, அதாவது ஏழை ஊரின் பள்ளி, தன் நேரத்தில் பெரிய பங்கை இழக்கிறது. இதை நான் அநீதி என்றே சொல்வேன்.

இதற்கு முதலில் வரும் மறுப்பு, கண்காணிப்பு இல்லாவிட்டால் ஆசிரியர்கள் பாடமே நடத்த மாட்டார்கள் என்பது. இந்தச் சந்தேகம் வெறும் வன்மம் அல்ல. 2003-ல் உலக வங்கி ஆதரவுடன் நடந்த ஆய்வில், திடீரென்று பள்ளிக்குப் போய்ப் பார்த்தபோது இந்திய அரசுத் தொடக்கப் பள்ளிகளில் நான்கில் ஓர் ஆசிரியர் இல்லை. அந்த எண் பொதுமக்கள் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டது. ஆனால் 'இல்லை' என்பதற்குள் பல காரணங்கள் இருக்கின்றன. அஸிம் பிரேம்ஜி அறக்கட்டளை 6 மாநிலங்களில் 619 பள்ளிகளில் ஆய்வு செய்து 2017-ல் வெளியிட்ட அறிக்கையில், பள்ளியில் இல்லாத ஆசிரியர்கள் 18.5 சதவீதம், காரணமின்றி வராதவர்கள் 2.5 சதவீதம் மட்டுமே. மற்றவர்கள் முறையான விடுப்பிலோ, துறை அனுப்பிய பணியிலோ இருந்தார்கள். அந்த 2.5 சதவீதத்தினர் மீது நடவடிக்கை எடுக்கத்தான் வேண்டும், அதில் தயவு தாட்சண்யம் தேவையில்லை. ஆனால் அவர்களைப் பிடிப்பதற்காக மற்ற எல்லோருடைய நேரத்தையும் பறிப்பது கணக்கில் நிற்காது. ஹரியானாவில் பலன் கிடைத்த திட்டத்திலும் மேற்பார்வை இருந்தது; அதை மறைக்க வேண்டியதில்லை. வித்தியாசம் என்னவென்றால், மேற்பார்வையாளர்கள் முதலில் தாங்களே சில வாரம் பள்ளியில் நின்று அந்த முறையில் பாடம் நடத்திப் பார்த்தார்கள். அதன்பிறகே ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நம் ஆசிரியர் பயிற்றுநர்கள் பள்ளிக்கு வரும்போது செயலியில் பதிந்துவிட்டாரா என்று பார்ப்பதற்குப் பதிலாக, துணைக்காலை விடும் அந்த நான்கு குழந்தைகளோடு உட்கார்ந்தால் அதுவே தக்க மேற்பார்வை.

இரண்டாவது மறுப்பு பாடத்திட்டம் பற்றியது. ஒரு வாரம் முழுவதும் ஒகர வரிசையிலும் கழித்தலிலும் நின்றால் பருவத்துக்குள் பாடம் முடியுமா என்று கேட்பார்கள். முடியாமல் போகலாம். முடிக்கிறோம் என்று இப்போது சொல்வதன் பொருள் என்ன? ஆசிரியர் முடிக்கிறார், முன்வரிசையில் இருக்கும் சிலர் முடிக்கிறார்கள், மற்றவர்கள் பாடம் கடந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பாடத்திட்டத்தின் வேகம் குழந்தையின் வேகத்தை மிஞ்சினால் கற்றல் கூடுவதில்லை, குறைகிறது என்று லான்ட் பிரிட்செட்டும் அமண்டா பீட்டியும் 2012-ல் காட்டினார்கள். பின்தங்கிய குழந்தை ஒரு கட்டத்துக்குப் பின் எதையுமே பிடிக்க முடியாமல் தேங்கிவிடுகிறது. இரண்டாம் பருவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அக்டோபரில் தொடங்கி, ஆயுதபூஜை, தீபாவளி, வடகிழக்குப் பருவமழை விடுமுறை என்று போய் டிசம்பரில் அரையாண்டோடு முடியும். முழுதாக ஐந்து நாள் கிடைக்கும் வாரங்களே குறைவு. அந்தப் பருவத்துக்கும் கிட்டத்தட்ட மற்ற பருவங்களுக்கு இணையான பாடத்தை வைத்துவிட்டு, முடிக்கவில்லையே என்று கேட்பது முறையல்ல.

நிலைவாரியாகப் பிரித்தால் அரும்பு என்று பெயர் வாங்கிய குழந்தை அந்தப் பெயரோடே தங்கிவிடாதா என்ற கவலைதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கனமாகத் தெரிகிறது. தங்கிவிடும், நாள் முழுதும் அப்படியே உட்காரவைத்தால். பிள்ளைகளுக்குத் தங்கள் இடம் எது என்று இரண்டே நாளில் தெரிந்துவிடும். நம் ஊர்களில் அந்தப் பிரிவு சாதியோடும் வசதியோடும் ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. அதனால்தான் நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் நிலைவாரி, மற்ற நேரமெல்லாம் ஒரே வகுப்பு என்பதும், குழுவை அடிக்கடி மாற்றுவதும் விதியாக வேண்டும். அடிக்கடி மாற்ற வேண்டுமென்றால் யார் எங்கே நிற்கிறார் என்று ஆசிரியருக்கு அந்த வாரமே தெரிந்திருக்க வேண்டும். ஐந்து நாளில் இரண்டு நாள் வகுப்பில் இல்லாத ஆசிரியருக்கு அது தெரியாது. குழு மாறாமல் உறைந்துபோவதும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

குழந்தையின் பக்கத்துத் தடைகளை நீக்க அரசு எடுத்த நடவடிக்கைகளை மனம்திறந்து பாராட்டலாம். 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் முதலில் 1,545 பள்ளிகளில் இருந்தது. 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. வயிறு நிறைந்த குழந்தை காலையிலேயே வகுப்பில் இருக்கிறது. அந்தக் குழந்தையின் முன்னால் ஆசிரியரும் இருக்க வேண்டும் என்பதே நான் கேட்பது. அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி ஆகியவை தவிரக் கல்வி சாராத வேலைகளுக்கு ஆசிரியர்களை அனுப்பக் கூடாது என்கிறது. வாக்காளர் பட்டியல் பணியையும் விடுமுறை நாட்களிலும் கற்பித்தல் இல்லாத நாட்களிலும்தான் ஆசிரியர்களுக்குத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2007-லேயே கூறிவிட்டது. இவற்றை நடைமுறைப்படுத்தினாலே பாதி வேலை முடியும். மீதிப் பாதிக்குச் செலவு உண்டு. ஒரு குறுவள மையத்தின் பள்ளிகளுக்குப் பொதுவாக ஓர் எழுத்தர், எமிஸ் பதிவுக்கென்றே. பயிற்சிகள் பருவத் தொடக்கத்தில், பாட நாட்களைத் தொடாமல். ஒருவர் விடுப்பில் போனால் வந்து நிற்க வட்டாரத்துக்குச் சில பதிலி ஆசிரியர்கள். ஈராசிரியர் பள்ளிக்கு, பிள்ளைகளின் எண்ணிக்கை எதுவானாலும், மூன்றாவது ஆசிரியர். 60-க்கு 2 என்பது சட்டம் சொல்லும் குறைந்தபட்சம்தான், அதற்கு மேல் தரக் கூடாது என்று எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. பணம் ஏது என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: நாளுக்கு ஒரு மணி விவரம் ஏற்றும் ஈராசிரியர் பள்ளியில் எட்டில் ஒரு பங்குக் கற்பித்தலை இப்போதே இழந்துகொண்டிருக்கிறோம். அந்த இழப்புக்கும் அரசு சம்பளம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் பெரும்பான்மையினர் பெற்றோர். அதன் தீர்மானங்கள் மேலே போகின்றன. அடுத்த கூட்டத்தில் கட்டடம், கழிப்பறை, குடிநீர் பற்றிக் கேட்டு முடித்த பிறகு இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: சென்ற மாதம் எத்தனை நாள், எத்தனை மணி நேரம் எங்கள் ஆசிரியர்கள் வகுப்பை விட்டு வெளியே போக நேர்ந்தது, எந்த அலுவலகம் அனுப்பியது? ஆசிரியரைக் குற்றம் சாட்டும் தொனியில் கேட்காதீர்கள். இந்தக் கேள்விக்கு மிகுந்த விருப்பத்தோடு பதில் சொல்லப்போகிறவர் அவர்தான். பதிலைத் தீர்மானமாக எழுதி, தேதியும் மணியும் போட்டு, வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். மாதம் தவறாமல் அனுப்புங்கள்.